“அந்த ரூம்ல அவங்க எங்க உக்காந்திருந்தாங்க, அண்ணா?”

(மாலை நேர இலவச வகுப்புகளில் பாடம் எடுக்கும் நம் தன்னார்வலர்களுக்கான கூட்டத்தில் பேசியது. வர முடியாத தோழர்கள் எழுத்தில் கேட்டதால் இங்கே பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படிங்க.)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘சின்னப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்வது எப்படி’. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சவன். பத்தாம் வகுப்போட வரலாற்றுப் புத்தகத்தை மூட்டை கட்டினவன். அதனால மொத்த வரலாற்றையும் பேசப் போறதில்லை. ஒரே ஒரு விஷயம்: அமெரிக்க உள்நாட்டுப் போர் எப்படி முடிஞ்சதுன்னு ஒரு நாலாம் வகுப்புப் பொண்ணுக்கு நான் சொன்னது, தப்பாச் சொன்னது, அப்புறம் உக்காந்து திருத்தினது. அவ்வளவுதான்.

நம்ம தெரு வகுப்புக்கு வர்ற பொண்ணு. ஸ்கூல்ல பேச்சுப்போட்டி, தலைப்பு ஆபிரகாம் லிங்கன். கையில ஒரு பிரிண்ட் அவுட்டோட வந்தா. என்னன்னு பார்த்தா, லிங்கன் தன் மகனோட ஆசிரியருக்கு எழுதின கடிதம்! உங்க எல்லாருக்கும் தெரியும் அது. பாதி ஸ்கூல்ல தலைமையாசிரியர் ரூம்ல பிரேம் போட்டு மாட்டியிருக்கும். ஆசிரியர் தினம் வந்தா நம்ம குரூப்லயே பத்து பேர் பார்வர்டு பண்ணுவாங்க. அந்தக் கடிதத்தை லிங்கன் எழுதினதுக்கு எந்த ஆதாரமும் இல்லை. அவர் எழுதின கடிதங்களோட தொகுப்புகள்ல அப்படி ஒண்ணு கிடையாது. நல்ல கருத்துதானே, யார் எழுதினா என்னன்னு கேப்பீங்க. கருத்து நல்லாவே இருக்கட்டும், பொய்க் கையெழுத்து பொய்க் கையெழுத்துதான். ஐடி விங்ல உக்காந்துக்கிட்டு நாம இதைக் கண்டுக்காம விட்டா வேற யார் பார்ப்பா?

சரி, கடிதத்தை எடுத்தாச்சு. இப்போ ரெண்டு நிமிஷப் பேச்சுல ஒரு ஓட்டை விழுந்துடுச்சு. “போர் எப்படிண்ணா முடிஞ்சது? அதைச் சொல்லி முடிச்சுக்கறேன்”னா. நானும் உற்சாகமாச் சொன்னேன்: ரெண்டு பக்கத் தளபதிங்களும் ஒரு வீட்டுல சந்திச்சாங்க, கை குலுக்கினாங்க, ஜெயிச்சவர் தோத்தவரை அவமானப்படுத்தல, குதிரையைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாரு, எல்லாரும் ஊருக்குப் போனாங்க. மேட்ச் முடிஞ்சதும் ரெண்டு டீமும் கை குடுத்துக்கற மாதிரின்னு உதாரணம் வேற.

அவ ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தா. மூணாவது தடவை பாதியில நிறுத்திட்டுக் கேட்டா: “அண்ணா, சண்டை அடிமைங்களுக்காகன்னு முதல்ல சொன்னீங்கல்ல? அந்த ரூம்ல அவங்க எங்க உக்காந்திருந்தாங்க?”

எனக்குப் பதில் தெரியல. நாளைக்குச் சொல்றேம்மான்னு அனுப்பி வெச்சேன். அன்னிக்கு ராத்திரி லேப்டாப்பைத் திறந்தவன் மூணு மணிக்குத்தான் மூடினேன்.

இதுல என் தனிப்பட்ட அசிங்கம் ஒண்ணு இருக்கு, சொல்லிடறேன். போன வருஷம் நம்ம பகுதிப் பக்கத்துக்கு ‘வரலாற்றில் இன்று’ கார்டு போட்டுக்கிட்டிருந்தப்போ, ‘ஏப்ரல் 9, 1865: அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த நாள்’னு ஒரு கார்டை டிசைன் பண்ணதே நான்தான். ரெண்டு பேர் கை குலுக்கற படம், பின்னாடி கொடி. நல்லா லைக்ஸ் வந்துச்சு.

சரி, அந்த ரூமுக்குப் போவோம். அந்தக் கைகுலுக்கல் கதையைத் தூக்கிப் போடுங்கன்னு நான் சொல்ல வரல. அது நடந்தது. பிள்ளைங்களுக்கு அது பிடிக்கும், பிடிக்கணும். இன்னும் நல்லாச் சொல்லணும்னுதான் சொல்றேன்.

வர்ஜீனியா மாநிலத்துல அப்போமாட்டாக்ஸ் கோர்ட் ஹவுஸ்னு ஒரு கிராமம். கோர்ட் ஹவுஸ்னதும் நீதிமன்றத்துல சந்திச்சாங்கன்னு நினைக்காதீங்க, ஊர் பேரே அதுதான். அங்க வில்மர் மெக்லீன்னு ஒரு சர்க்கரை வியாபாரி வீடு. இந்த ஆளோட கதையிலேர்ந்தே ஆரம்பிக்கலாம். 1861ல போரோட முதல் பெரிய சண்டை நடந்தது மனாசஸ் பக்கம், இவரோட பண்ணையைச் சுத்தி. ஒரு பீரங்கிக் குண்டு இவர் வீட்டு அடுப்படிக்குள்ளயே வந்து விழுந்துச்சு. குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு ரொம்ப தூரம் தள்ளி, ரயில் பாதையை விட்டும் ஒதுங்கின இந்தக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். நாலு வருஷம் கழிச்சுப் போர் தேடிக்கிட்டு வந்து இவர் வீட்டு முன்னறையிலயே உக்காந்துச்சு! இதைச் சொன்னா எந்தப் பிள்ளையும் சிரிக்கும்.

கிராண்ட் வடக்குப் படைத் தளபதி. முந்தின நாள் ராத்திரி பூரா அவருக்குத் தாங்க முடியாத தலைவலி. வெந்நீர்ல கடுகுப்பொடி போட்டு அதுல காலை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்னு அவரே பிற்பாடு எழுதியிருக்கார். நம்ம பாட்டி வைத்தியம் மாதிரியே இல்ல? காலையில லீ கிட்டேர்ந்து, சரணடையப் பேசலாம்னு கடிதம் வருது. படிச்ச நிமிஷமே தலைவலி போயிடுச்சாம். லீ தெற்குப் படைத் தளபதி. புதுச் சீருடை, இடுப்புல வாள், பளபளன்னு வந்திருந்தார். கிராண்ட் பூட்ஸெல்லாம் சேறு, சாதாரண சிப்பாய் போடற சட்டை. தோத்தவர் மாப்பிள்ளை மாதிரி, ஜெயிச்சவர் வயல்லேர்ந்து வந்தவர் மாதிரி. ரெண்டு பேரும் முதல்ல பேசினது போரைப் பத்தியே இல்ல, முன்னாடி ஒரே படையில மெக்சிகோவுல சண்டை போட்ட பழைய கதைய.

அப்புறம் நிபந்தனைகள். ஆயுதத்தை ஒப்படைச்சிட்டு, இனி எதிர்த்துச் சண்டை போட மாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போகலாம். யாரையும் சிறையில அடைக்கறதில்லை. சொந்தக் குதிரை, கோவேறு கழுதை வெச்சிருக்கறவங்க கொண்டு போகலாம், விதைப்புக் காலம் வந்துடுச்சு, ஏர் ஓட்டணும்ல. லீயோட ஆளுங்க பட்டினி. கிராண்ட் 25,000 பேருக்கு உணவு குடுக்கச் சொன்னார். வெளிய வடக்குப் படை பீரங்கி வெடிச்சுக் கொண்டாட ஆரம்பிச்சப்போ, நிறுத்துங்க, அவங்க திரும்பவும் நம்ம நாட்டுக்காரங்கன்னுட்டார்.

அந்த நிபந்தனைகளை அழகான கையெழுத்துல நகல் எடுத்தவர் ஈலை பார்க்கர். நம்ம கூட்டத்துல பாதிப்பேர் இன்ஜினியருங்க, அதனால இவரைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன். செனக்கா பழங்குடியைச் சேர்ந்தவர். சட்டம் படிச்சார். நீ அமெரிக்கக் குடிமகனே இல்லையேன்னு வழக்கறிஞராப் பதிவு பண்ண விடல. அவங்க முன்னோர்களோட மண்ணுல! அப்புறம்தான் சிவில் இன்ஜினியரிங் பக்கம் வந்தார். அந்த நாட்டுக் குடிமகன்னு ஒப்புக்கொள்ளப்படாத ஒருத்தர் கையெழுத்துலதான் அந்த நாடு திரும்ப ஒட்டின தாள் இருக்கு.

இங்கதான் நான் மாட்டினேன். அந்தத் தாளை முழுசாப் படிச்சுப் பார்த்தேன். துப்பாக்கி இருக்கு, பீரங்கி இருக்கு, குதிரை இருக்கு. அடிமை என்ற சொல் ஒரு இடத்துலகூட இல்லை. அன்னிக்கு அந்த நாட்டுல ஏறக்குறைய 40 லட்சம் பேரைச் சந்தையில வாங்கி வித்துக்கிட்டிருந்தாங்க. போர்ல ரெண்டு பக்கமும் சேர்த்து ஆறு லட்சத்துக்கும் மேல செத்துருக்காங்க. 1861ல மிசிசிப்பி மாநிலம் பிரிஞ்சு போறப்போ வெளியிட்ட அறிக்கையிலயே, எங்க நிலைப்பாடு அடிமை முறையோட பிணைஞ்சதுன்னு பச்சையா எழுதி வெச்சிருக்காங்க. ஆனா முடிவுத் தாள்ல அந்த மக்களைப் பத்தி ஒரு வரி கிடையாது.

அப்ப அவங்க எங்க இருந்தாங்க? அந்தப் பொண்ணோட கேள்விக்குப் பதில் ரொம்பக் கிட்டத்துலயே இருந்துச்சு. மெக்லீனே அடிமைகளை வெச்சிருந்தவர். அந்த வீட்டுக்குப் பின்னாடி சமையல் கொட்டகை, அதுக்குப் பக்கத்துல அடிமைகள் தங்கற குடிசை. இன்னிக்கு அந்த இடம் தேசிய வரலாற்றுப் பூங்கா, வீட்டோட சேர்த்து அந்தக் குடிசையையும் திரும்பக் கட்டி வெச்சிருக்காங்க. முன்னறைக்கும் குடிசைக்கும் நடுவுல கூப்பிடு தூரம்கூட இல்லை.

வயல்லயும் இருந்தாங்க. லீயோட படை அன்னிக்குக் காலையில தப்பிக்க முடியாம வழியை மறிச்சு நின்ன படைகள்ல கறுப்பினச் சிப்பாய்களோட ரெஜிமென்டுகளும் இருந்துச்சு. போர்ல வடக்குப் பக்கம் சண்டை போட்ட கறுப்பின வீரர்கள் 1,80,000 பேர் கிட்ட. யாரோ வந்து விடுதலை குடுத்தாங்க, அவங்க வாங்கிக்கிட்டாங்கன்னு நாம சொல்றோமே, அது பாதிதான்.

அப்புறம் ஹன்னா ரெனால்ட்ஸ். இந்தப் பேரை எழுதி வெச்சுக்கோங்க. அதே ஊர்ல ஒரு டாக்டர் வீட்டுல அடிமையா இருந்தவங்க. ஏப்ரல் 9 காலையில சண்டை நடக்கறப்போ வீட்டு எஜமானர்கள் கிளம்பிட்டாங்க, இவங்க அங்கயே இருந்தாங்க. ஒரு பீரங்கிக் குண்டு வீட்டைத் துளைச்சு வந்து இவங்க மேல பட்டது.  மூணு நாள் உயிரோட இருந்து ஏப்ரல் 12ஆம் தேதி இறந்தாங்க. அந்தச் சண்டையில பலியான ஒரே பொதுமகன்... பொதுமகள். அந்த மூணு நாளும் சுதந்திர மனுஷியா இருந்தாங்கன்னு சொல்லலாம். லீயோட சிப்பாய்கள் வரிசையா வந்து துப்பாக்கியை அடுக்கி வெச்சிட்டுப் போன நாளும் அதே ஏப்ரல் 12. ஜெயிச்ச படை அவங்களுக்கு மரியாதை செஞ்சு அனுப்பிச்சதுன்னு புத்தகங்கள்ல ரொம்ப உருக்கமா வரும். அதே ஊர்ல, அதே நாள்ல நடந்த இந்தச் சாவு அந்தப் பக்கங்கள்ல வராது. 2015ல, 150ஆவது ஆண்டு நிகழ்ச்சியிலதான் ஹன்னாவுக்கு ஊர் கூடி இறுதி மரியாதை செஞ்சாங்க. அந்த மாவட்டத்துல அடிமைகளா இருந்தவங்க எண்ணிக்கைக்கு 4,600 விளக்கு ஏத்தினாங்க.

சாவைப் பத்திச் சின்னப் பிள்ளைக்கிட்ட சொல்லலாமான்னு ஒரு அக்கா போன கூட்டத்துல கேட்டாங்க. நான் யோசிச்சுப் பார்த்தேன். சாட்டையடி வாங்கின முதுகோட போட்டோ ஒண்ணு ரொம்பப் பிரபலம். அதை எட்டு வயசுப் பிள்ளைக்குக் காட்ட மாட்டேன். அது பாடம் ஆகாது, பயம்தான் ஆகும். ஆனா ‘அம்மாவை ஒரு ஊருக்கும் பிள்ளையை இன்னொரு ஊருக்கும் வித்துடுவாங்க’ன்னு சொல்லலாம். திருவிழாக் கூட்டத்துல அம்மா கையை விட்டுட்டு ரெண்டு நிமிஷம் நின்ன பிள்ளைக்கு அது புரியும், நமக்கு விட நல்லாவே புரியும். ஹன்னா கதையையும் சொன்னேன். பொண்ணு அழல. “அவங்களுக்கு எத்தனை வயசு”ன்னு கேட்டா.

அடுத்தது, முடிஞ்ச தேதி. ஏப்ரல் 9ல சரணடைஞ்சது லீயோட ஒரு படை மட்டும்தான். அஞ்சு நாள்ல லிங்கனைச் சுட்டுட்டாங்க. அதைவிடப் பெரிய சரணடைவு ஏப்ரல் 26ல வட கரோலினாவுல நடந்துச்சு. கடைசியா ஒரு தெற்குப் போர்க்கப்பல் கொடியை இறக்கினது நவம்பர்ல, அதுவும் இங்கிலாந்துல லிவர்பூல் துறைமுகத்துல! இதெல்லாம் வேகமாச் சொல்லிட்டுப் போயிடலாம். நிக்க வேண்டிய இடம் கால்வெஸ்டன்.

டெக்சாஸ்ல ஒரு துறைமுக ஊர். 1865 ஜூன் 19, லீ சரணடைஞ்சு பத்து வாரம் கழிச்சு, கார்டன் கிரேஞ்சர்ங்கற தளபதி படையோட வந்து, அடிமைகள் எல்லாரும் விடுதலைன்னு ஒரு ஆணையை அறிவிக்கறார். டெக்சாஸ்ல மட்டும் இரண்டரை லட்சம் பேர் அடிமைகளா இருந்தாங்க. லிங்கன் விடுதலைப் பிரகடனம் போட்டது 1863 ஜனவரி 1. ரெண்டரை வருஷம்! இந்த இடத்துல நாம எல்லாரும் ஒரு சப்பைக்கட்டு கட்டுவோம்: ‘அந்தக் காலத்துல போன் இல்ல, செய்தி வந்து சேரல’ன்னு. யோசிச்சுப் பாருங்க. தந்தி இருந்துச்சு, பேப்பர் இருந்துச்சு. எஜமானர்களுக்குத் தெரியாமலா இருந்துச்சு? சேதி போச்சு, அதை அமல்படுத்த ஆள் போகல. துப்பாக்கியோட ஒருத்தன் வந்து நிக்கற வரைக்கும் யாரும் விடல. பருத்தி அறுவடை வேற பாக்கி இருக்கே. பிள்ளைங்கக்கிட்ட இதை எப்படிச் சொல்றது? நான் இப்படிச் சொன்னேன்: “ஹெச்.எம். லீவ் விட்டுட்டாரு, சர்க்குலரும் வந்துடுச்சு. ஆனா கேட்டைத் திறக்க வேண்டியவங்க திறக்கல. உனக்கு லீவா, இல்லையா?” அவ உடனே, “இல்ல”ன்னுட்டா.

அந்த ஆணையிலயே இன்னொண்ணும் இருக்கு. உரிமையில சமம்னு சொல்லிட்டு, இருக்கற இடத்துலயே அமைதியா இருந்து கூலிக்கு வேலை பாருங்க, சும்மா இருந்தா யாரும் சோறு போட மாட்டோம்னு. இருநூறு வருஷத்துக்கு மேல சும்மா உழைச்சவங்களைப் பார்த்துச் சொன்னது.

கென்டக்கி, டெலவேர் மாதிரி வடக்குப் பக்கமே நின்ன அடிமை மாநிலங்களுக்குப் பிரகடனமும் பொருந்தல. அங்க இருந்த கடைசி ஆளுக்கு விடுதலை சட்டப்படி வந்தது 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறின டிசம்பர் 6, 1865. மிசிசிப்பி அந்தத் திருத்தத்தை ஒப்புக்கிட்டது எப்போ தெரியுமா? 1995. அதுக்கான காகிதத்தை முறையா அனுப்பிச் சேர்த்தது 2013. நம்ம தாலுகா ஆபீஸே தேவலாம்.

இப்போ பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கற பகுதிக்கு வர்றேன். விடுதலை ஆனதும் அவங்க என்ன பண்ணாங்க? ரெண்டு விஷயம். ஒண்ணு, படிக்கப் போனாங்க. தெற்கு மாநிலங்கள் பலதுல அடிமைக்கு எழுத்துச் சொல்லித் தர்றதே குற்றமா இருந்துச்சு. அதனால தாத்தாவும் பேரனும் ஒரே பெஞ்சுல உக்காந்து எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. ரெண்டு, தொலைஞ்சவங்களைத் தேடினாங்க. பேப்பர்ல விளம்பரம்: என் அம்மா பேர் இது, எங்களை இன்னார் இன்னாருக்கு வித்தார், எனக்கு அப்போ இத்தனை வயசு, தெரிஞ்சவங்க தகவல் சொல்லுங்கன்னு. இந்த விளம்பரங்கள் 1900ஐத் தாண்டியும் வந்துக்கிட்டே இருந்துச்சு. போர் ‘முடிஞ்சு’ 35 வருஷத்துக்கு மேல. பெரும்பாலானவங்களுக்குப் பதில் வரல.

உள்நாட்டுப் போர், அது முடிஞ்ச தேதின்னு நான் பேச ஆரம்பிச்சதுலேர்ந்தே உங்க மனசு எங்க போயிருக்கும்னு எனக்குத் தெரியும். 2009 மே மாசம் நாம யாரும் மறக்கல. கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளோட போட்டோவைப் பிடிச்சுக்கிட்டு 2017லேர்ந்து அம்மாக்கள் தெருவோரம் உக்காந்ததையும் பார்த்தோம். அது தனியா, முழுசாப் பேச வேண்டிய விஷயம், இன்னிக்கு இதுக்கு நடுவுல திணிக்க மாட்டேன். அந்த விளம்பரங்களைப் படிக்கறப்போ எனக்கு அந்த போட்டோக்கள்தான் கண்ணுல வந்துச்சு. அவ்வளவு மட்டும் சொல்லிக்கறேன்.

நமக்கும் அந்தப் போருக்கும் நேரடியா ஒரு நூல் இருக்கு. பருத்தி நூல்தான். தெற்குத் துறைமுகங்களை வடக்குக் கடற்படை அடைச்சதும் இங்கிலாந்து மில்களுக்குப் பஞ்சு வரல. இந்தியப் பருத்திக்கு விலை எகிறிச்சு. பம்பாயில பெரும் பணம் புரண்டுச்சு, நம்ம திருநெல்வேலி, கோயம்புத்தூர்ப் பக்கப் பருத்திக்கும் கிராக்கி. 1865ல போர் முடிஞ்ச சேதி வந்ததும் விலை தலைகுப்புற விழுந்துச்சு. கோவில்பட்டிப் பக்கம் வகுப்பு எடுக்கற தோழர்கள் அங்கிருந்தே ஆரம்பிங்க. கரிசல் காட்டுப் பிள்ளைக்கு அமெரிக்கா அவ்வளவு தூரம் இல்லை.

சரி, ஒரு நாலாவது படிக்கற பிள்ளைக்கு இவ்வளவு தேவையா, கை குலுக்கினாங்கன்னு சொல்லிட்டுப் போனா என்ன குடி முழுகிடும்? இந்தக் கேள்விக்கு நான் வாதம் பண்ணல. நடந்ததைச் சொல்றேன்.

தோத்த தெற்குல 1894ல ஒரு பெண்கள் சங்கம் ஆரம்பிச்சாங்க, கூட்டமைப்பின் மகள்கள்னு தமிழ்ல சொல்லலாம். சிலை வெச்சாங்க, அது எல்லாருக்கும் தெரியும். சிலையை விட அவங்க கவனமா இருந்தது பள்ளிக்கூடப் புத்தகத்துல. அவங்களோட வரலாற்றுப் பொறுப்புல இருந்த மில்ட்ரெட் ரூதர்ஃபோர்டுங்கற அம்மா பாடப்புத்தகங்களை அளக்க ஒரு அளவுகோலே எழுதி வெளியிட்டாங்க. தெற்கு அடிமைகளுக்காகத்தான் சண்டை போட்டுச்சுன்னு சொல்ற புத்தகத்தை நிராகரி, நூலகத்துல இருந்தா அட்டையில ‘தெற்குக்கு அநீதி’ன்னு எழுதி வை. இவ்வளவு வெளிப்படையா.

அதுக்கும் முன்னாடி, 1904ல, சின்னப் பிள்ளைங்களுக்காக ஒரு கேள்வி–பதில் புத்தகம். நாம வாய்ப்பாடு ஒப்பிச்ச மாதிரி ஒப்பிக்கணும். போருக்குக் காரணம் மாநில உரிமை. அடிமைகள் அன்பா நடத்தப்பட்டாங்க, அவங்களும் எஜமானர்கள்கிட்ட விசுவாசமா இருந்தாங்க. இந்தப் பொருள்ல பதில்கள். அந்தப் புத்தகத்தை எந்த ஊர்க் கிளைக்காகத் தொகுத்தாங்கன்னு பார்த்தேன். கால்வெஸ்டன். ஜூன் 19ல விடுதலை ஆணை அறிவிச்ச அதே கால்வெஸ்டன். நாப்பதே வருஷத்துல, அதே தெருக்கள்ல விடுதலையானவங்களும் அவங்க பிள்ளைங்களும் நடமாடிக்கிட்டிருக்கறப்போ.

சின்னக் கணக்கு போடுங்க. 1904ல எட்டு வயசுல அந்தப் பதிலை ஒப்பிச்ச பிள்ளைக்கு 1957ல 61 வயசு. 1957ல ஆர்கன்சாஸ்ல லிட்டில் ராக்னு ஒரு ஊர்ல ஒன்பது கறுப்பினப் பிள்ளைங்க உயர்நிலைப் பள்ளிக்குள்ள நுழைய ராணுவத்தைக் கூப்பிட வேண்டி வந்துச்சு. வாசல்ல கத்தினவங்களும், அவங்களை வளர்த்தவங்களும், அந்த ஊர்ப் பதவிகள்ல இருந்தவங்களும் எந்தப் பாடத்தைப் படிச்சு வளர்ந்த தலைமுறை? டு போய்ஸ் 1935லயே, போருக்குப் பிந்தைய காலத்தைப் பத்தின தன் பெரிய புத்தகத்தோட கடைசி அத்தியாயத்தைப் பள்ளிப் புத்தகங்கள் சொல்ற பொய்களுக்காகவே ஒதுக்கியிருந்தார். கேட்டாங்களா?

பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2015ல டெக்சாஸ்ல ஒரு புவியியல் பாடப்புத்தகம், ஆப்பிரிக்காவுலேர்ந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளைத் ‘தொழிலாளர்கள்’னு ஒரு படக்குறிப்புல போட்டுச்சு. ஒரு மாணவன் அதை போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். அம்மா சோஷியல் மீடியாவுல போட்டாங்க. பதிப்பகம் தப்பை ஒப்புக்கிட்டுத் திருத்தினாங்க. நம்ம வேலையோட அருமை என்னன்னு யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க. ஒரே ஒரு சொல்லுக்காகத்தான் அந்த அம்மா எழுதினாங்க.

நான் திருத்தின பிறகு அந்தப் பேச்சு எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. ரெண்டு நிமிஷம்தானே, எல்லாத்தையும் அடைக்க முடியாது. ஈலை பார்க்கரை விட்டுட்டோம், எனக்கு மனசே இல்லை. தலைவலியையும் கடுகு வெந்நீரையும் அவ விடவே மாட்டேன்னுட்டா. கைகுலுக்கல் இருந்துச்சு, குதிரை இருந்துச்சு. அதுக்கப்புறம், “அந்த வீட்டுக்குப் பின்னாடி ஒரு குடிசை இருந்தது”ன்னு ஆரம்பிச்சு ஹன்னா ரெனால்ட்ஸ் பேரைச் சொல்லி, கால்வெஸ்டனுக்குப் போறதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க. மூணாவது பரிசு, ஒரு டிபன் பாக்ஸ். முதல் பரிசு வாங்கின பையன் அந்தக் கடிதத்தைத்தான் ஏற்ற இறக்கத்தோட சொன்னானாம்.

சரணடைஞ்சு முடிஞ்சதும் அந்த முன்னறையில இருந்த மேசை, நாற்காலியை எல்லாம் நினைவுப் பொருள்னு சொல்லி அதிகாரிங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. கொஞ்சம் பேர் காசு குடுத்து, கொஞ்சம் பேர் சும்மாவே. மெக்லீனோட சின்ன மகள் லூலாவோட துணிப் பொம்மையையும் ஒரு அதிகாரி எடுத்துட்டுப் போயிட்டார். இதை நான் கடைசியா, சும்மா சுவாரசியத்துக்குச் சொன்னேன். டிபன் பாக்ஸைக் காட்ட வந்த அன்னிக்கு அவ கேட்டா: “அந்தப் பொம்மையைத் திருப்பிக் குடுத்தாங்களா?”

குடுத்தாங்கம்மா, நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு, இப்போ அந்தப் பூங்காவுல கண்ணாடிப் பெட்டியில இருக்குன்னேன்.

“பின்னாடி குடிசையில இருந்த பிள்ளைங்க பொம்மை?”

தேடிக்கிட்டிருக்கேன், தோழர்களே. யாருக்காவது எங்கயாவது படிச்ச ஞாபகம் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, வர்ற சனிக்கிழமை அவ வருவா.